புகைபோக்கி இல்லாத வீடு

இங்கிலாந்தில் ஓர் அருங்காட்சியகத்தில் நிற்கும் பேலீஃப் என்ற பழைய வீட்டின் கூடத்தில் நான் மூன்று முறை உட்கார்ந்திருக்கிறேன். மூன்று முறையும் சட்டையில் புகை மணத்தோடுதான் வெளியே வந்தேன். இப்போது மனத்தில் ஒரு கேள்வியும் இருக்கிறது. ஏறத்தாழ 600 ஆண்டுப் பழைமையுள்ள அந்த மரச்சட்ட வீட்டில், கூடத்தின் நடுவே, தரையிலேயே தீ எரிகிறது. புகைக்கென்று தனி வழி எதுவும் கிடையாது. அது கூரையின் அடிவரை எழும்பி, அங்கே தயங்கித் தேங்கி, ஓடுகளின் இடுக்குகள் வழியாகவும் முகட்டின் இரு முனைகளிலும் விடப்பட்ட சிறு முக்கோணத் திறப்புகள் வழியாகவும் மெல்லக் கசிகிறது. 1540ஆம் ஆண்டு வாக்கில் இந்த வீடு எப்படி இருந்திருக்குமோ அந்த நிலையில் அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆனால், 1960களின் இறுதியில் கென்ட் மாவட்டத்திலிருந்து இது கழற்றி எடுக்கப்பட்டபோது இதற்குள் ஒரு செங்கல் புகைபோக்கி இருந்தது. கூடத்தின் குறுக்கே ஒரு மேல்தளம் இருந்தது. இரண்டும் பிற்காலத்தவை என்பதால் இங்கே வரவில்லை. அவற்றைக் கட்டியவர்களும் இதே வீட்டில்தானே குடியிருந்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

வீட்டின் கதை சுருக்கமானது. சிடிங்ஸ்டோன் ஊருக்கு அருகே போ பீச் என்னும் இடத்தில் குடிநீருக்காக நீர்த்தேக்கம் அமைக்க முடிவானபோது, பேலீஃப் நீருக்குள் போகவிருந்த நிலத்தில் நின்றது. இடிபடவிருந்த பழைய வீடுகளைக் காப்பாற்றுவதற்கென்றே ராய் ஆர்ம்ஸ்ட்ராங் என்பவரின் முன்முயற்சியில் அப்போது உருவாகிக்கொண்டிருந்த வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகம் அதைப் பெற்றுக்கொண்டது. சட்டம் சட்டமாகக் கழற்றி, மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் ஊருக்கு அருகே உள்ள பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்து, 1972இல் மீண்டும் எழுப்பினார்கள். ஆக, ஒரு வீடு பிழைத்தது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எந்த வீடு பிழைத்தது என்பதில்தான் என் மனம் சமாதானமாகவில்லை.

தென்கிழக்கு இங்கிலாந்தின் வீல்ட் வட்டாரத்தின் பெயரால், கட்டடக்கலை நூல்கள் இந்த வகையை வீல்டன் கூட வீடு என்கின்றன. நடுவில் தரையிலிருந்து கூரை வரை திறந்த கூடம். அதன் இரு பக்கமும் இரண்டு தளங்கள் கொண்ட அறைகள். பக்கத்து அறைகளின் மேல்தளம் மட்டும் முன்னோக்கித் துருத்தி நிற்கும். கூரையோ மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து ஒரே நேர்க்கோட்டில் ஓடும். அதனால் முன்னிருந்து பார்த்தால் கூடம் மட்டும் ஓர் அடி உள்வாங்கியது போலத் தோன்றும். அங்கே அந்தரத்தில் ஓடும் இறவாரச் சட்டத்தை இரு முனைகளிலும் வளைந்த முட்டுகள் தாங்கிப் பிடிக்கும். உள்ளே நுழைந்தால், முன்வாசலையும் பின்வாசலையும் இணைக்கும் இடைகழி. ரேழி என்று சொன்னால் நமக்கு உடனே விளங்கும். அதன் ஒரு பக்கம் மதுவகையும் உணவும் வைக்கும் இரண்டு சிறு அறைகள், மறுபக்கம் கூடம், கூடத்தின் கடைக்கோடியில், வீட்டுக்காரரின் மேசைக்குப் பின்னால், அவருக்கான தனியறையும் அதன் மேல் படுக்கையறையும். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை வீடே சொல்லிவிடும். சன்னல்களில் கண்ணாடி இல்லை. சதுர மரக்கம்பிகளை மூலை முன்னே வரும்படி திருப்பி வரிசையாக நட்டு, இரவில் உள்ளிருந்து பலகையால் மூடுகிறார்கள்.

முதல் முறை போனபோது இவை எல்லாவற்றிலும் சொக்கிப்போனேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கூடத்தில் உட்கார்ந்த பிறகுதான், அக்காலத்து நாற்காலிகளும் பெஞ்சுகளும் ஏன் அவ்வளவு தாழ்வாக இருந்தன என்பது விளங்கியது. உட்கார்ந்திருக்கும்வரை புகை தலைக்கு மேலே ஒரு மெல்லிய கூரை போல மிதக்கிறது. எழுந்து நின்றால் கண் எரிகிறது. படங்களைப் பார்த்தும் வரைபடங்களைப் படித்தும் இது தெரிந்திருக்காது. இந்த ஒன்றுக்காகவே அருங்காட்சியகம் செய்தது சரிதான் என்று அன்று எண்ணினேன். இப்போதும் அந்த எண்ணம் பாதி இருக்கிறது.

பரணில் பார்த்தது

மீதிப் பாதி போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. என்னோடு முன்பு வேலை பார்த்த ஓர் அம்மையார் கென்ட் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் குடியிருக்கிறார். பழைய வீடுகள் மீது எனக்குள்ள பித்தைக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட அழைத்தார். தெருவிலிருந்து பார்த்தால் அந்த வீட்டில் மரமே தெரியாது. கீழ்ப்பாதிச் சுவர் செங்கல். மேல்பாதியில் மீன் செதில் போல அடுக்கித் தொங்கவிட்ட ஓடுகள். மேலும் கீழுமாக இழுத்துத் திறக்கும் வெள்ளைச் சன்னல்கள். கூரையின் நடுவே பருத்த புகைபோக்கி. 18ஆம் நூற்றாண்டு வீடு என்று யாரும் சொல்லிவிடுவார்கள். சாப்பாடு முடிந்ததும் அவருடைய கணவர் என் கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்து, பரணுக்குப் போகும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

மேலே கண்ணாடி இழைப் பஞ்சு மெத்தை போல விரிந்து கிடந்தது. தண்ணீர்த் தொட்டி, பிளாஸ்டிக் குழாய்கள், மின்கம்பிகள், பழைய கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டிகள். டார்ச்சை உயர்த்திக் கைமரங்களின் மேல் ஒளி விழச் செய்தேன். அத்தனையும் கறுப்பு. சாயம் பூசிய கறுப்பு அன்று. பல தலைமுறைகள் அடியில் எரிந்த தீயின் புகை படிந்து படிந்து, பட்டை கட்டி, இடையிடையே தார் போல மினுங்கும் கறுப்பு. விரலால் தொட்டேன், விரல் நுனி கறுத்தது. இந்த வீட்டிலும் ஒரு காலத்தில் கூரை வரை திறந்த கூடம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. இன்னும் சில அடி தள்ளி, விட்டத்திலிருந்து முகடு வரை ஒரு மண்தடுப்பு நின்றது. ஓக் குச்சிகளை நட்டு, ஹேசல் மிலாறுகளைக் குறுக்கே பின்னி, வைக்கோலும் சாணமும் கலந்த களிமண்ணை அப்பிய வரிச்சுச் சுவர். கூடத்தின் பக்கம் அது கரி; அதிலிருந்த ஓட்டை வழியே தலையை நுழைத்து மறுபக்கம் பார்த்தால், அங்கே மண் பழுப்பாக, பூசியவரின் விரல் வரிகள் கூட அழியாமல், நேற்றுப் பூசியது போல் இருந்தது. தடுப்புக்கு அப்பால் புகை போகவில்லை, அங்கே தனியறை. ஒரு சாண் தடிமன் கூட இல்லாத மண் வீட்டை இரண்டாகப் பிரித்திருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தச் செங்கல் தூண் கண்ணில் பட்டது. பரணைத் துளைத்துக்கொண்டு, கறுத்த கைமரங்களுள் இரண்டை வெட்டி ஒதுக்கிவிட்டு, புகைபோக்கி மேலே போகிறது. செங்கல்லில் கரி இல்லை. இடுக்குகளில் பிதுங்கிய சுண்ணாம்புச் சாந்து வழித்துவிடப்படாமல் அப்படியே காய்ந்திருந்தது. இங்கே யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று கொத்தனார் நினைத்திருப்பார். வெட்டுப்பட்ட கைமரங்களின் வெட்டு முகத்தைப் பார்த்தேன். அதுவும் கரியில்லாமல் இருந்தது. புகைபோக்கி வந்த அன்றோடு புகை நின்றுவிட்டது. ஒரே மரத்தின் பக்கவாட்டில் ஒரு காலமும் வெட்டுமுகத்தில் இன்னொரு காலமும் இருப்பதை அவ்வளவு அருகில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கீழே இறங்கியதும் வீட்டுக்கார அம்மையார் என்னை அடுப்படிக்கு அழைத்துப் போனார். அந்தப் புகைபோக்கியின் அடிவாரத்தில், ஆள் நுழைந்து நிற்கும் அகலத்துக்கு ஒரு தீக்குழி. அதன் மேல் குறுக்கே ஒரு பெரிய ஓக் உத்தரம். அந்த உத்தரத்தில் இரண்டு விஷயங்களைக் காட்டினார். ஒன்று, அதன் முகத்தில் ஒன்றுக்கும் பயன்படாமல் காலியாக இருந்த நீள்சதுரத் துளைகள். அவை இந்தத் தீக்குழிக்காக வெட்டியவை அல்ல. கூடத்தில் வேறெங்கோ தாங்கி நின்ற பழைய சட்டத்தைக் கழற்றி, தச்சர் இங்கே மறுபடி பயன்படுத்தியிருக்கிறார். இரண்டு, உத்தரத்தின் கீழ்விளிம்பருகே விரல் நீளத்தில் கண்ணீர்த்துளி வடிவச் சுட்ட தழும்புகள், ஏழோ எட்டோ. தவறுதலாகத் தீப்பிடித்த அடையாளம் அப்படி ஒழுங்காக வராது. எரியும் திரியை ஒரே இடத்தில் பொறுமையாகச் சாய்த்துப் பிடித்தால்தான் வரும். தீயிலிருந்தும் தீயசக்திகளிலிருந்தும் வீட்டைக் காக்கச் செய்தது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. புகைபோக்கி என்பது வானத்தை நோக்கி எப்போதும் திறந்தே இருக்கும் கதவு அல்லவா. அதன் வழியே எது இறங்கி வரும் என்ற அச்சம் அதைக் கட்டியவர்களுக்கு இருந்திருக்கும். கூடத்தின் நடுவே தீ எரிந்தவரை இப்படியொரு வாசலும் இல்லை, இந்தத் தழும்புகளுக்கு வேலையும் இல்லை. பேலீஃபில் கழித்துவிட்ட புகைபோக்கி அன்றுதான் என் நினைவுக்குத் திரும்பி வந்தது.

யாருடைய ஆண்டு

16ஆம் நூற்றாண்டில் புகைபோக்கி எவ்வளவு பெரிய மாற்றமாக இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. எசெக்ஸில் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன், 1577இல் அச்சான தம் நாட்டு விவரணையில், தம் ஊர்க் கிழவர்கள் தங்கள் வாழ்நாளில் வியக்கத்தக்க அளவுக்கு மாறிப்போன மூன்றைச் சொன்னதாக எழுதுகிறார். அவற்றுள் முதலாவது புகைபோக்கிகளின் பெருக்கம். மற்றவை படுக்கை வசதியும், மரத்தட்டுகள் போய் உலோகத்தட்டுகள் வந்ததும். அவர்கள் இளைஞர்களாக இருந்தபோது ஓர் ஊரில் இரண்டு மூன்று புகைபோக்கிகள் இருந்தாலே அதிகமாம். வேடிக்கை என்னவென்றால், ஹாரிசனுக்குப் பழைய புகை மேல் ஓர் ஏக்கமும் இருந்தது. அந்தப் புகைதான் வீட்டு மரத்தை இறுக்கியது, வீட்டுக்காரருக்கும் குடும்பத்துக்கும் சளி பிடிக்காமல் காத்தது என்று மக்கள் நம்பியதையும் எழுதி வைக்கிறார். பழைய வீட்டின் மேலுள்ள ஏக்கமும் புகைபோக்கியின் வயதுதான் போலிருக்கிறது.

புகைபோக்கி வந்ததும் கூடத்தின் உயரம் வீணாகிவிடுகிறது. புகைக்காகத்தான் அவ்வளவு உயரம். புகை குழாய்க்குள் போனபின் குறுக்கே ஒரு தளம் போட்டால் மேலே புதிதாக ஓர் அறை கிடைக்கும். கென்ட்டிலும் சசெக்ஸிலும் சஃபோக்கிலும் இப்படிக் கூடம் கொண்ட வீடுகள் பலவும் இந்த வழியில்தான் போயின. சில வீடுகளில் முதலில் கூடத்தின் ஒரு முனையை மட்டும் தடுத்துப் புகைக்கென்று விட்டார்கள். பிறகு அந்த இடத்திலேயே செங்கல் எழுந்தது. வேறு சில வீடுகளில் புகைபோக்கியை இடைகழியிலேயே நட்டுவிட, ரேழி அடைபட்டு வாசல் இடம் மாறியது. எந்தத் தளம் முதலில் போட்டது, எது பின்னர் செருகியது என்பதை உத்தரங்களுக்கு மேல் கிடக்கும் சிறு சட்டங்களே காட்டிக்கொடுக்கும். இடைக்காலத் தச்சர் அவற்றை அகலவாட்டில் படுக்க வைத்தார். பின்னால் வந்தவர், நிறுத்தி வைத்தால் குறைந்த மரத்தில் அதிகச் சுமை தாங்கும் என்று கண்டுகொண்டார். நான் சாப்பிட உட்கார்ந்த அறையில் சட்டங்கள் நிறுத்தி வைத்தவை. மூன்று முறை தலையை இடித்துக்கொண்டபோது அதை நன்றாகவே ஆராய முடிந்தது.

பேலீஃபையே எடுத்துக்கொள்வோம். மர வளையங்களை எண்ணிக் காலம் கணிப்பவர்கள், கூடமும் பண்டக அறைப் பகுதியும் 1405க்கும் 1430க்கும் இடையில் வெட்டிய மரத்தால் ஆனவை என்கிறார்கள். பட்டைக்கு அடியிலுள்ள கடைசி வளையம் வரை எஞ்சியிருந்தால் வெட்டிய ஆண்டையே சொல்லலாம். வெளிப்புற வெண்மரம் செதுக்கப்பட்டோ பூச்சி அரித்தோ போயிருந்தால் இப்படி ஓர் இடைவெளியாகத்தான் சொல்ல முடியும். கூடத்தின் மறுகோடியில் உள்ள தனியறையும் மேல் படுக்கையறையும் 1505க்கும் 1510க்கும் இடைப்பட்டவை. அதாவது நாம் போய்ப் பார்த்து வியக்கும் 1540ஆம் ஆண்டு வீடே ஏற்கெனவே மாற்றிக் கட்டியதுதான். முதல் வீட்டின் முனைக்கு என்ன ஆனதோ, நூறு ஆண்டுகள் கழித்து யாரோ அங்கே புதிதாகக் கட்டி, அத்தோடு மேலறையிலிருந்து வெளியே தொங்கும் கழிப்பறையையும் சேர்த்தார்கள். இந்த மாற்றத்துக்கு அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்தது. அடுத்துவந்த மாற்றத்துக்குக் கிடைக்கவில்லை. 1540 என்ற ஆண்டைத் தேர்ந்தவர்கள் நன்றாக யோசித்துத்தான் தேர்ந்திருப்பார்கள். வீடு முழு உருப்பெற்ற, ஆனால் கூடம் இன்னும் திறந்திருந்த காலம் அது. இருந்தாலும் அந்தக் கோட்டுக்கு இப்பால் வாழ்ந்தவர்கள் 400 ஆண்டுக் குடித்தனக்காரர்கள்.

எதிர்வாதத்தை நானே எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், அது வலுவானது. மரச்சட்ட வீடு பிறவியிலேயே கழற்றி மாட்டும் பொருள். ஈரம் காயாத ஓக் மரத்தைத் தச்சரின் முற்றத்தில் படுக்கவைத்து, ஒரு சட்டத்தின் நுனியை நாக்கு போலச் செதுக்கி, மற்றதில் வெட்டிய துளைக்குள் செருகிப் பொருத்தம் பார்ப்பார்கள். ஒவ்வொரு பொருத்தும் அதற்கான துணையோடு மட்டுமே சேரும் என்பதால் இரண்டிலும் ஒரே ரோமானிய எண்ணைக் கீறிவைத்து, பிரித்து, வண்டியில் ஏற்றி, மனையில் நிறுத்தி, மர ஆணி அடிப்பார்கள். பேலீஃபைக் கழற்றியவர்கள் பழைய தச்சர் செய்ததையே பின்னிருந்து முன்னாகச் செய்தார்கள் என்று சொல்லலாம். செங்கல் புகைபோக்கி அப்படியா? பிரித்தால் அது ஒரு குவியல். பயணம் செய்யக்கூடியதுதான் பயணம் செய்தது. மேலும், அந்தப் பள்ளத்தாக்கில் புகைபோக்கிக்கு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சற்றுத் தூரம் நடந்தால், மிட்ஹர்ஸ்ட் பக்கத்திலிருந்து வந்த பெண்டீன் பண்ணை வீடு நிற்கிறது. 1609இல் கட்டும்போதே நடுவில் செங்கல் புகைபோக்கியோடு கட்டியது. பேலீஃபில் கூடத்தையும் பெண்டீனில் புகைபோக்கியையும் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாகக் கற்பிக்க வழியில்லை.

என் தயக்கமும் அந்தத் தெளிவைப் பற்றியதுதான். ஒவ்வொரு நூற்றாண்டுக்கும் ஒரு வீட்டைக் கொடுத்துவிட்டதால், ஒரே வீட்டுக்குள் நூற்றாண்டுகள் ஒன்றோடொன்று மோதுவதைப் பார்க்க முடியாமல் போகிறது. புகைபோக்கிக்காக வெட்டிய கைமரத்தைப் பெண்டீனில் பார்க்க முடியாது. அங்கே வெட்ட வேண்டிய தேவை எழவில்லை. பேலீஃபிலும் பார்க்க முடியாது. அங்கே அது சீராகிவிட்டது. 1877இல் கலைஞரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸும் நண்பர்களும் பழைய கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது, தேவாலயங்களைச் சுரண்டிச் சுரண்டி அவற்றின் கற்பனையான முதல் நிலைக்குக் கொண்டுபோவதைத்தான் எதிர்த்தார்கள். இங்கிலாந்தின் சட்டமும் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்ந்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, பாதுகாக்க வேண்டியது என்று அரசு பட்டியலிட்ட வீட்டில் பிற்காலத்துப் புகைபோக்கியைக்கூட உரிய அனுமதி இல்லாமல் எடுத்துவிட முடியாது. நான் சாப்பிட்ட வீட்டில் அந்தச் செங்கல் தூணைத் தொட வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும். பேலீஃபின் தூணோ, வீட்டைக் காப்பாற்றிய வேலையிலேயே போய்விட்டது.

மூன்றாம் முறை

கடைசியாகப் போனது ஒரு மார்கழிக் குளிரில். மழை நாள், கூட்டமில்லை. கூடத்தில் தீயைப் பார்த்துக்கொண்ட தன்னார்வலர், வயதில் பெரியவர், விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை நான் கூரையைப் பார்க்காமல் சுவரோரமாக நடந்து, வெட்டுகளையும் ஒட்டுகளையும் தேடினேன். தேடினால் கிடைக்காமல் போகவில்லை. ஒரு தூணின் அடியில் பழைய ஓக்கோடு வேறொரு துண்டைச் சாய்வாக ஒட்டவைத்திருந்தார்கள். நிறம் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது, ஆனால் உளியின் தடம் கூர்மையாக இருந்தது. ஈரமரத்தில் செய்தது போலும். காய்ந்து சுருங்கி, நடுவில் நீளமாக ஒரு வெடிப்பு விட்டிருந்தது. சுவரின் மண்பூச்சு கூட மொத்தமும் இங்கே வந்த பிறகு பூசியது. தீ மூட்டும் நாள்களின் புகை அதன்மேல் ஏற ஆரம்பித்து, மேல்பாதி ஏற்கெனவே மங்கியிருந்தது.

அந்த ஒட்டுத்துண்டைக் காட்டி, இது எந்தக் காலத்தது என்று அவரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து, கட்டைவிரலால் வெடிப்பைத் தடவிப் பார்த்தார். "இதுவா, இது நாங்கள் போட்டது" என்றார். பிறகு, கேட்காமலே, மேலே வேறு எங்கெங்கே அப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார். எழுந்து நின்றபடியே அண்ணாந்து பார்த்ததில் இருவர் கண்ணிலும் நீர் வழிந்தது. கொஞ்ச நேரத்தில் வெளியே போய், இறவாரத்தின் கீழ் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டு, மிச்சத்தை அவர் கைவீசிச் சொல்லி முடித்தார்.